பழைய ஸ்போர்ட்ஸ் கார் இப்பவே வாங்கலாமா, புதுசுக்குக் காத்திருக்கலாமா: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க

வெண்ணாறு, தஞ்சாவூர்:

போன வியாழன் சாயங்காலம் பாபநாசம் பக்கம் ரயில்வே கேட்ல நிக்கிறேன். எனக்கு முன்னாடி ஒரு வெள்ளை ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடிஐ கார். நம்பரைப் பார்த்ததும் வயித்துல என்னமோ பண்ணுச்சு. திருச்சியில நான் ரெண்டு தடவை ஓட்டிப் பார்த்துட்டு, வேண்டாம்னு விட்டுட்டு வந்த அதே வண்டி.

அந்த வண்டியைப் பத்தி இங்க யாருக்கும் விளக்கத் தேவையில்ல. 2016-ல இந்தியாவுக்கு ஒதுக்குனதே 99 தான். மூணு கதவு, 1.8 லிட்டர் டர்போ, 192 குதிரைசக்தி. வந்தப்ப 26 லட்சம், விக்கலன்னு மறுவருஷம் 20 லட்சத்துக்கு இறக்குனாங்க. நான் விட்டதுக்குக் காரணம் ஒண்ணே ஒண்ணு. அதே கம்பெனியோட கோல்ஃப் ஜிடிஐ வரப்போவுது, கொஞ்சம் பொறுத்தா புதுசாவே எடுக்கலாம்னு எல்லாரும் சொன்னாங்க. வந்துச்சு, 2025 மே மாசம். 53 லட்சம், அதுவும் ஆன்ரோடு இல்ல. முதல்ல வந்த 150 வண்டியும் விலை சொல்றதுக்கு முன்னாடியே புக்காயிடுச்சு. அக்டோபர்ல ஸ்கோடாவோட ஆக்டேவியா ஆர்எஸ், 50 லட்சம், மொத்தமே 100 வண்டி. அதுவும் அதே கதைதான்.

கேட் தூக்குனாங்க. ஓட்டுன பையனுக்கு இருபத்தஞ்சு வயசு இருக்கும். பக்கத்துல அவங்கம்மா. தண்டவாளத்தைத் தாண்டுனதும் ஒரு மிதி மிதிச்சான் பாருங்க, அந்தம்மா சிரிச்சிக்கிட்டே ரெண்டு கையையும் டேஷ்போர்டுல ஊனுனாங்க. பின்கண்ணாடி வழியா அந்த வளையல் கை தெரிஞ்சுது. எங்கம்மாவுக்கு இப்ப மூட்டு தேஞ்சுபோயி தாழ்வான சீட்ல உக்காந்தா எந்திரிக்க முடியாது. ரெண்டு வருஷம் முன்னாடின்னா ஏறியிருப்பாங்க.

இப்ப திருச்சியில 2018 ஆக்டேவியா ஆர்எஸ் ஒண்ணு இருக்குங்கறாங்க. ஞாயித்துக்கிழமை பார்க்கப் போறேன். யோசனை வேண்டாம், நடந்ததைச் சொல்லுங்க.

அரசலாறு, கும்பகோணம்:

நான் ஒரு வண்டியை விட்டது பத்தி வருத்தமே இல்ல. வருத்தம் வேற.

2024 மாசி மாசம். சிவப்பு கூபே, சென்னை நம்பர், 31 ஆயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு. விலை கேட்டா நம்ப முடியாத மாதிரி கம்மி. எங்க சித்தப்பாவைச் சும்மா துணைக்குக் கூட்டிட்டுப் போனேன். அவருக்குக் காரைப் பத்தி ஒண்ணும் தெரியாது, பதினஞ்சு மா நிலம், அவ்வளவுதான் அவர் உலகம். நான் இன்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கிட்டு நிக்கிறேன், அவர் டிக்கியில ஸ்டெப்னியைத் தூக்கி அடியில விரலை விட்டுத் தேய்ச்சாரு. மோந்து பார்த்தாரு. விரலை எங்கிட்ட காமிச்சாரு. "தம்பி, ஆத்து வண்டல் காஞ்சா மாவு மாதிரி உதிரும். இது பிசுக்குன்னு நிக்குது பாரு. இது சாக்கடைத் தண்ணி நின்ன வண்டி."

அப்புறம்தான் நான் சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்தேன். வெளிய தெரியிற பாகம் புதுசு மாதிரி. உள்ள சுருண்டு கிடந்த கடைசி ஒரு சாண் நீளத்துக்குப் பழுப்பா கறை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளம். சீட்டுக்கடியில இருந்த வயர் சாக்கெட்டெல்லாம் பச்சைப் பூத்துக் கிடந்துச்சு.

பேசாம கிளம்பிட்டோம். வாசல்ல ஒரு பையனும் அவங்கப்பாவும் உக்காந்திருந்தாங்க, அடுத்து அவங்கதான் பார்க்கணும். அவங்கப்பா மடியில ஒரு மஞ்சப்பை, கனமா இருந்துச்சு. விக்கிறவர் பக்கத்துலயே நின்னாரு. நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லல. சித்தப்பா பஸ்ல வரும்போது அதைத்தான் கேட்டாரு, "ஏன்டா சொல்லல?" எனக்குப் பதில் இல்ல. அந்த மஞ்சப்பைக்காகத்தான் இதை எழுதுறேன்.

கோரையாறு, மன்னார்குடி:

நான் சிங்கப்பூரில் பதினேழு வருடம் இருந்தவன். என்னிடம் மஸ்டா எம்எக்ஸ்-5 இருந்தது. இரண்டு பேர் உட்காரும் திறந்த வண்டி, கியர் வண்டி. அங்கே கார் வைத்திருக்க சிஓஇ உரிமம் வேண்டும், பத்து வருடத்தோடு அது முடியும். புதுப்பிக்கலாம், ஆனால் அந்தப் பணத்தில் இங்கே ஒரு வீடு கட்டலாம். ஊருக்கே கொண்டுவந்துவிடலாம் என்று ஆசைப்பட்டேன். ஸ்டியரிங் அங்கேயும் வலப்பக்கம்தானே. விசாரித்தால், மூன்று வருடத்துக்கு மேல் பழசான கார் இந்தியாவுக்குள் இறக்குமதியாக முடியாது. பழைய வண்டி மும்பை துறைமுகம் வழியாக மட்டும்தான் வர வேண்டும். மூன்றாவது வருடத்திலேயே இதைத் தெரிந்து வைத்திருந்தால் அப்போதே ஏதாவது செய்திருப்பேன்.

கடைசி நாள் யார்டில் சாவியைக் கொடுக்கும்போது அங்கிருந்தவர் கூரையை மூடச் சொன்னார். அந்தக் கூரையை என் கையால்தான் மூடினேன். கொக்கியை மாட்டும்போது வந்த அந்த ‘டக்’ சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. மஸ்டா இந்தியாவில் கடையே திறக்கவில்லை. ஆகவே தம்பி வெண்ணாறு, எனக்குக் காத்திருக்கவும் ஒன்றும் இல்லை.

வெட்டாறு, திருவாரூர்:

முதல்ல ஒண்ணு. போலோவும் ஆக்டேவியாவும் ஸ்போர்ட்ஸ் கார் இல்ல. வேகமான வீட்டுக்கார். ரெண்டு சீட், தாழ்வான உடம்பு, ஓட்டுறதுக்குன்னே செஞ்சது, அதுதான் ஸ்போர்ட்ஸ் கார். கோரையாறு அண்ணன் வச்சிருந்தது ஸ்போர்ட்ஸ் கார்.

ரெண்டாவது, காத்திருக்கறது தப்புன்னு எல்லாரும் எழுதுறீங்க. 2025 செப்டம்பர் 22-க்கு முன்னாடி பெரிய காருக்கு ஜிஎஸ்டி 28 சதவீதம், அதுமேல செஸ் 22 வரைக்கும். இப்ப செஸ் இல்ல, நேரா 40. அதுக்கு ஒரு மாசம் முன்னாடி அவசரப்பட்டு எடுத்தவங்க என்ன பாடுபட்டாங்கன்னு எனக்குத் தெரியும், அதுல நானும் ஒருத்தன். டெலிவரி எடுத்து பத்தொன்பதாம் நாள் அறிவிப்பு வருது. ஷோரூம்ல எனக்கு மாலை போட்ட அதே பொண்ணு போன்ல, "சார், ஒண்ணும் பண்ண முடியாது சார்"னு சொல்லிட்டு அழுவுற மாதிரி ஆயிடுச்சு. பாவம், அதைத் திட்டி என்ன பண்றது.

இங்கிலாந்தோட 2025 ஜூலையில ஒப்பந்தம் கையெழுத்தாச்சு. அங்கேருந்து வர்ற காருக்கு நூத்துக்கு மேல இருக்குற சுங்கவரி, ஒதுக்கீட்டு அளவுக்குள்ள படிப்படியா 10 சதவீதத்துக்கு இறங்கும். பொறுமையா இருக்குறவனுக்கு அது வரும்.

பாமணி, திருத்துறைப்பூண்டி:

வெட்டாறு சொல்ற அளவுகோல்படி என்னோடது ஸ்போர்ட்ஸ் கார்தான். பிஎம்டபிள்யூ இசட்4, மடங்குற அலுமினியக் கூரை, பழசாத்தான் வாங்கினேன். பொம்பள ஓட்டுறதைப் பார்த்து பெட்ரோல் பங்க்ல கேக்குற கேள்விகளைப் பத்தி எழுதணும்னா தனியா எழுதணும். இது வேற.

புரட்டாசிக் கடைசி, குறுவை அறுவடை. ரோட்டுல பாதிக்கு நெல்லு காயுது, மீதியில வைக்கோல். நமக்குத் தெரிஞ்ச காட்சிதானே. மத்த கார் எல்லாம் வைக்கோல் மேல ஏறிப் போவுது, நானும் போனேன். ஒரு கிலோமீட்டர் தாண்டியிருக்காது, கருகுற வாசனை. கண்ணாடியில பார்த்தா பின்னாடி வெள்ளைப் புகை. அடிப்பாகம் தாழ்வு, புகைக்குழாய்ச் சூட்டுல வைக்கோல் சுத்திக்கிச்சு. இறங்கி நிக்கிறேன், கை கால் ஓடல. நெல்லு துழாவிக்கிட்டு இருந்த ஒரு ஆயா, எழுபது வயசு இருக்கும், அவங்க குடிக்க வச்சிருந்த தூக்குவாளித் தண்ணியை எடுத்துட்டு ஓடி வந்து படுத்து, மணல்ல படுத்து, அடியில ஊத்துனாங்க. கையாலேயே வைக்கோலை இழுத்துப் போட்டாங்க. புறங்கையில கொப்புளம்.

நான் ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னேன். "நெல்லை யாரு பாக்குறது, நீ போ ஆயி"ன்னுட்டாங்க. மறுநாள் மருந்து வாங்கிட்டுப் போனேன். அந்த இடத்துல நெல்லும் இல்ல, அவங்களும் இல்ல. மூணு ஊர்ல விசாரிச்சேன். நெல்லு காயவைக்க வேற ஊர்லேருந்து வந்தவங்களா இருக்கும்.

வாங்கறதா காத்திருக்கறதான்னு எனக்குச் சொல்லத் தெரியாது. எங்க ஓட்டப்போறீங்கன்னு மட்டும் யோசிங்க வெண்ணாறு. வைக்கோல் கிடந்தா நின்னு, அவங்களையே கொஞ்சம் ஒதுக்கச் சொல்லுங்க. ஒதுக்குவாங்க.

திருமலைராஜன், நாகப்பட்டினம்:

என் கதை சின்னது. வெளிமாநில வண்டி ஒன்றை வாங்கி, என்ஓசி (பழைய ஊர் ஆர்டிஓ தரும் ஆட்சேபணை இல்லாச் சான்று) இல்லாமல் பதினோரு மாதம் வாசலில் நிறுத்தி வைத்திருந்தேன். மழையில் சீட் பூஞ்சை பிடித்தது. வண்டியின் மேல் மூடிய தார்ப்பாயில் கோழி முட்டையிட்டு அடைகாத்த அளவுக்கு அது அசையவில்லை. அவ்வளவுதான்.

வெண்ணாறு யோசனை வேண்டாம் என்கிறார். இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வெளிமாநில வண்டி என்றால் படிவம் 28, அதாவது என்ஓசி, கையில் வராமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். இங்கே கொண்டுவந்து பதிவு செய்யும்போது தமிழ்நாட்டுச் சாலைவரி தனியாகக் கட்ட வேண்டும், அதையும் விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள். உள்ளூர் வண்டி என்றாலும் பெயர் மாற்றும் படிவங்கள் 29, 30 இரண்டிலும் விற்பவர் கையெழுத்து வேண்டும். ஆர்சி புத்தகத்தில் பைனான்ஸ் பெயர் இருந்தால், அதை நீக்கும் படிவம் 35-ம், அந்த நிறுவனத்தின் கடிதமும். "லோன் முடிஞ்சிருச்சு சார், பேருதான் எடுக்கல" என்று சொல்வார்கள். பெயர் இருக்கும்வரை லோனும் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கைமாறின பதினாலு நாளைக்குள் இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுத்துவிடுங்கள். பழைய சொந்தக்காரரின் நோ கிளைம் போனஸ் (இழப்பீடு கேட்காததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) உங்களுக்கு வராது, அது ஆளுக்கு உரியது, வண்டிக்கு அல்ல. எம்பரிவாகன் என்ற அரசு செயலியில் நம்பரைப் போட்டு அபராத பாக்கியைப் பாருங்கள், வேகமான வண்டிகளில் அது நிறைய இருக்கும்.

டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், பின் இரண்டு வருடம். 2018 வண்டியில் 2018 டயரே இருந்தால், எவ்வளவு பள்ளம் மிச்சம் இருந்தாலும் மாற்ற வேண்டிய செலவு அது. நாலு டயரும் நாலு கம்பெனி என்றால் வைத்திருந்தவர் எப்படி வைத்திருந்தார் என்று புரிந்துகொள்ளலாம். டர்போ வண்டி என்றால் ஈசியூவில், அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியில், கை வைத்து சக்தியைக் கூட்டியிருக்கிறார்களா என்று நேராகவே கேளுங்கள். கூட்டியிருந்தால் மறைக்காமல் சொல்லட்டும். இன்னொன்று, 2023 ஏப்ரலுக்கு முன் வந்த பல வண்டிகள் 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்குச் செய்தவை, இப்போது பங்கில் கிடைப்பது 20. எரிபொருள் குழாய், ரப்பர் வளையங்களை மெக்கானிக்கிடம் சொல்லிப் பார்த்துவிடுங்கள்.

வெட்டாறு, வரி குறையும் என்று காத்திருக்கச் சொல்கிறீர்கள். வரி குறைந்தால் வண்டி வரும் என்று யார் சொன்னது? இங்கே சோதனைச் சான்று வாங்காமல் ஒரு கம்பெனி வருடத்துக்கு 2,500 வண்டி வரை இறக்கலாம் என்று 2018-லேயே விதியைத் தளர்த்தினார்கள். அதற்குப் பிறகும் நூறும் நூற்றைம்பதுமாகத்தானே வருகிறது. போர்ஷே 718-ஐயே பாருங்கள், பெட்ரோல் மாடலை 2025-ல் நிறுத்திவிட்டார்கள். புதுசுக்குக் காத்திருந்தவருக்கு அந்த வண்டி கைநழுவிவிட்டது.

வெட்டாறு, திருவாரூர்:

718 வாங்குறவரு நாகப்பட்டினத்துல எத்தனை பேரு ஐயா? நான் சொன்னது கையில இருக்குற காசை அவசரத்துல விடாதீங்கன்னு. பத்தொன்பது நாள். அது எவ்வளவு வலிச்சுதுன்னு எனக்குத்தான் தெரியும்.

அக்கினியாறு, பேராவூரணி:

நான் இங்க அதிகம் எழுதுறதில்ல. தேதியோட சொல்றேன், மறக்காது. 2018 நவம்பர் 11, ஞாயித்துக்கிழமை. திருச்சியில ஒருத்தர்கிட்ட ஃபியட் கம்பெனியோட அபார்த் புன்டோ, ஒரே ஓனர், அம்பதாயிரம் அட்வான்ஸ் கொடுத்தேன். மீதிக்குத் தேங்காய்ப் பணம் வரணும். 16-ஆம் தேதி விடியக்காலம் கஜா புயல் அடிச்சுது. எங்க தோப்புல இருநூத்தி நாப்பது மரம். விடிஞ்சு பார்த்தா நின்னது பதினொண்ணு.

கரண்டு இல்ல, போன் இல்ல. எட்டு ஒன்பது நாள் கழிச்சு வாசல்ல ஒரு கார் சத்தம். அந்தக் கார்தான். அவரு சாவியைக் கொடுக்கத்தான் வந்திருக்காருன்னு எனக்குப் பதறிப்போச்சு, மீதிப் பணத்துக்கு எங்க போவேன். இறங்கி வந்தாரு. பின்சீட்டு பூரா தார்ப்பாய், மெழுகுவத்தி, பிரெட்டு. என் கையில ஒரு கவரைக் கொடுத்தாரு. அம்பதாயிரம், நான் கொடுத்த அதே கட்டு, ரப்பர் பேண்டுகூட மாத்தல. "அட்வான்ஸ் திருப்பித் தரக்கூடாதுன்னு சட்டம் ஒண்ணும் இல்லீங்க"ன்னாரு. ஒரு டீகூட போட்டுக் கொடுக்க முடியல, பால் இல்ல.

வைச்ச தென்னம்பிள்ளை எல்லாம் இப்பதான் காய்க்குது. அந்த மாடலு அதுக்குள்ள நின்னுபோச்சு, கம்பெனியும் இந்தியாவுல கடையை மூடிட்டுப் போயிடுச்சு. இப்ப கையில காசு கொஞ்சம் இருக்கு. அவருகிட்ட அந்த வண்டி இன்னும் இருக்கான்னு கேக்கத்தான் ஒரு மாசமா போனை எடுக்கிறேன், வைக்கிறேன்.

பாமணி, திருத்துறைப்பூண்டி:

கேளுங்கண்ணே. இன்னைக்கே கேளுங்க.

வெண்ணாறு, தஞ்சாவூர்:

எல்லாத்தையும் ரெண்டு தடவை படிச்சேன். திருமலைராஜன் ஐயா, நீங்க சொன்னதை ஒரு பேப்பர்ல எழுதி வச்சுக்கிட்டேன். அரசலாறு, ஒண்ணு கேக்கலாமா? ஞாயித்துக்கிழமை உங்க சித்தப்பா வருவாரா? வண்டி ஏற்பாடு நான் பண்றேன்.

அரசலாறு, கும்பகோணம்:

கேட்டேன். நடவு இருக்குன்னாரு. அப்புறம் அவரே, "எத்தனை மணிக்கு?"ன்னாரு. காலையில 6 மணிக்கு பாபநாசம் ஸ்டேஷன் வாசல்ல நில்லுங்க. விக்கிறவர் வாசல்ல வேற யாராவது காத்துக்கிட்டு இருந்தா இந்தத் தடவை நான் பேசிடுவேன்.