பின்யாவ், டோரு பள்ளத்தாக்கு: கார் இல்லாமல் இரண்டு இரவு தங்க முடியுமா?

கயல்விழி_கே

செப்டம்பர் கடைசி வாரம் போர்ச்சுகல் போகிறோம். போர்ட்டோவில் நான்கு நாள் இருக்கிறது. அதில் இரண்டு இரவைத் திராட்சைத் தோட்டங்கள் இருக்கும் டோரு ஆற்றுப் பக்கம் கழிக்கலாம் என்று யோசனை. பின்யாவ் என்கிற சின்ன ஊர் கண்ணில் பட்டது. அப்பாவுக்கு 68, அம்மாவுக்கு 66. அப்பா சுத்த சைவம், முட்டை மட்டும் சாப்பிடுவார். எங்களில் யாருக்கும் கார் ஓட்ட வராது.

எந்தத் தளத்தைத் திறந்தாலும் காலையில் கிளம்பி ராத்திரி திரும்பும் ஒருநாள் பேக்கேஜ்தான் வருகிறது. ரயிலில் போய் அங்கேயே தங்குவது சரிப்படுமா? எந்தத் தோட்டங்களுக்கு நடந்தே போகலாம்? அறுவடையைப் பார்க்க முடியுமா? சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

ரயிலடி

தாராளமாகப் போகலாம். தங்குவதுதான் சரியும்கூட. ஒருநாள் பேக்கேஜில் வருகிறவர்கள் பின்யாவில் இருப்பதே நடுப்பகல் வெயிலில்தான். ஊர் நன்றாக இருப்பது காலை பத்துக்கு முன்னும் மாலை ஐந்துக்குப் பின்னும். அந்த இரண்டு நேரமும் அவர்கள் பேருந்தில் இருப்பார்கள்.

ரயில் விவரம் சொல்கிறேன். போர்ட்டோவின் சாவ் பென்டோ அல்லது கம்பன்யா நிலையத்திலிருந்து டோரு பாதை வண்டி. கடைசி நிலையம் பொசீன்யோ. பின்யாவ் அதற்கு முன்னால் வரும். ஏறக்குறைய இரண்டரை மணி நேரப் பயணம். ஒரு நாளைக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய வண்டிகள்தான், ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்குச் சில மணி நேரம் காத்திருக்க வேண்டும். சில வண்டிகள் வழியில் இருக்கும் ரேகுவா ஊரோடு நின்றுவிடும், அங்கே மாறி ஏற வேண்டும். பயணத்துக்கு முந்தின வாரம் சி.பி. என்கிற போர்ச்சுகல் ரயில்வேயின் தளத்தில் அட்டவணையை இன்னொரு முறை பாருங்கள். பாதையில் வேலை நடந்தால் இடையில் ஒரு பகுதிக்குப் பேருந்து விடுவார்கள்.

இந்த வண்டிகளில் இருக்கை எண் கிடையாது. டிக்கெட் இருந்தாலும் இடத்துக்கு உத்தரவாதம் இல்லை. செப்டம்பர் சனி, ஞாயிறு என்றால் நின்றுகொண்டே போக வேண்டி வரலாம். அதனால் வார நாளில் போங்கள். வண்டி எங்கே கிளம்புகிறதோ அந்த நிலையத்திலேயே இருபது நிமிடம் முன்னதாக ஏறி உட்கார்ந்துவிடுங்கள். போகும்போது வலப்பக்க ஜன்னல், வரும்போது இடப்பக்கம். முதல் ஒரு மணி நேரம் பெரிதாக ஒன்றும் இல்லை. பிறகு பாதை ஆற்றங்கரையைப் பிடித்துக்கொண்டால் பின்யாவ் வரை விடாது. ரேகுவாவைத் தாண்டிய பகுதியில் தண்டவாளத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே சில அடிதான் இருக்கும்.

65 வயது ஆனவர்களுக்கு சி.பி.யில் பாதிக் கட்டணம். எந்த நாட்டவராக இருந்தாலும் உண்டு, பாஸ்போர்ட்டைக் காட்டினால் போதும். உங்கள் பெற்றோர் இருவருக்குமே பொருந்தும். டிக்கெட் வாங்கும்போதே கேளுங்கள், தானாகத் தர மாட்டார்கள்.

இறங்கியதும் நிலையத்தைவிட்டு ஓடிவிடாதீர்கள். சுவர்களில் நீல ஓட்டுச் சித்திரங்கள் 24 இருக்கின்றன. 1937-இல் பதித்தவை, அவெய்ரோ ஊரின் அலெலுயா தொழிற்சாலையில் செய்தவை. பிளாட்பாரப் பக்கம் மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் அதிகம். தெருப் பக்கச் சுவரிலும் உண்டு. பழம் பறிக்கும் பெண்கள், கூடையை முதுகில் ஏற்றி வரிசையாக இறங்கும் ஆண்கள், ஒயின் பீப்பாய் ஏற்றிய ரபேலோ என்கிற பழைய சரக்குப் படகுகள். ஆற்றில் அணைகள் வருவதற்கு முன் வரைந்தவை என்பதால், இன்றைக்கு ஏரி போலக் கிடக்கும் டோரு அன்றைக்கு எப்படி இருந்தது என்பதும் அவற்றில் தெரியும்.

கொடித்தடம்

தோட்ட விஷயம் நான் சொல்கிறேன். அங்கே தோட்டத்தோடு சேர்ந்த பண்ணைக்கு கிந்தா என்று பெயர். பின்யாவிலிருந்து நடந்தே போகக்கூடியவை இவை: போம்ஃபிம், நிலையத்திலிருந்து பத்து நிமிடம், ரொயேடா, இன்னும் சற்றுத் தள்ளி, கர்வால்யாஸ், இரும்புப் பாலத்தைக் கடந்தால் எதிர்க்கரையில். தெ லா ரோசா வரைக்கும்கூட நடக்கலாம். ஆனால் அந்தச் சாலையில் நடைபாதை சரியாக இல்லை, வண்டிகள் உரசிக்கொண்டு போகும். பெரியவர்களோடு என்றால் டாக்சிதான்.

முன்பதிவு இல்லாமல் போய் வாசலில் நிற்காதீர்கள். செப்டம்பரில் நல்ல நேரங்களெல்லாம் சில வாரம் முன்பே போய்விடும். ஒரு நாளைக்கு இரண்டு கிந்தாவுக்கு மேல் வேண்டாம். சுற்றிக் காட்டிச் சுவைக்கக் கொடுத்து முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆகும். போர்ட் ஒயின் என்கிற இந்தப் பக்கத்து இனிப்பு ஒயினில் 19 முதல் 22 சதவீதம் ஆல்கஹால். மூன்றாவது இடத்துக்குப் போகும்போது நாக்கும் வேலை செய்யாது, காலும் வேலை செய்யாது. எச்சில் கலம் கேட்டு வாங்கித் துப்புவது அங்கே மரியாதைக் குறைவு இல்லை, தேர்ந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். குடிக்காதவர்களும் கூடவே வரலாம், பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள்.

இரண்டு இடம்தான் என்றால் என் தேர்வு போம்ஃபிமும் கர்வால்யாஸும். போம்ஃபிமில் ஒயின் எப்படி உருவாகிறது என்று தெரிந்துகொள்ளலாம். கர்வால்யாஸில் வண்டியில் மலையுச்சி வரை அழைத்துப்போகும் சுற்று உண்டு, 550 மீட்டர் உயரத்தில் இருக்கும் வட்ட வீடு வரைக்கும். வயதானவர்கள் கால் வலிக்காமல் முழுப் பள்ளத்தாக்கையும் பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை.

அறுவடைக்குத் தேதி குறிக்க முடியாது. வெயில், மழை பார்த்து அந்தந்த வருடம் முடிவாகும். பொதுவாக செப்டம்பர் முழுக்க, சில வருடம் அக்டோபர் முதல் வாரம் வரை போகும். ஆற்றோரம் பழம் முதலில் பழுக்கும், மேட்டு நிலத்தில் பிந்தும். கடைசி வாரத்தில் நீங்கள் போகும்போது கீழே முடிந்திருந்தாலும் மேலே பறித்துக்கொண்டிருக்க வாய்ப்பு நிறைய.

காலால் மிதிப்பதைப் பார்க்க வேண்டும் என்றால், மின்னஞ்சலில் “இந்த வாரம் லகார் நடக்கிறதா” என்று நேராகவே கேளுங்கள். லகார் என்பது பழத்தைக் கொட்டி மிதிக்கும் கருங்கல் தொட்டி, தொடை அளவு ஆழம். முதல் கட்டத்தில் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு வரிசையாக நிற்பார்கள். ஒருவர் இடம் வலம் என்று எண்ணிச் சொல்ல, வரிசை அங்குலம் அங்குலமாக நகரும். இரண்டு மணி நேரம் அப்படி. அது முடிந்த பிறகுதான் பாட்டும் ஆட்டமும். சுற்றுலாப் படங்களில் வருவது அந்த இரண்டாம் பாதி மட்டும்.

அதைக் காலால் செய்யக் காரணம் உண்டு. போர்ட் ஒயின் இரண்டு மூன்று நாள்தான் நொதிக்கும். சர்க்கரை பாதி மிச்சம் இருக்கும்போதே 77 சதவீதத் திராட்சைச் சாராயத்தை ஊற்றி நொதிப்பை நிறுத்திவிடுவார்கள். நாலு பங்கு சாற்றுக்கு ஒரு பங்கு சாராயம் என்பது கிட்டத்தட்டக் கணக்கு. அந்தக் குறுகிய நேரத்துக்குள் தோலிலிருந்து நிறமும் துவர்ப்பும் இறங்கியாக வேண்டும். அதே சமயம் கொட்டை உடையக்கூடாது, உடைந்தால் கசந்துவிடும். பாதம் தோலைக் கசக்கும், கொட்டையை விட்டுவிடும். இப்போது ரோபோ லகார்களும் வந்துவிட்டன. அவற்றின் மிதிகட்டைகளும் பாதத்தின் அழுத்தத்தைப் பார்த்துத்தான் செய்யப்பட்டவை.

வளைவு

கார் ஓட்டத் தெரிந்தவர்கள் இந்த இழையைப் படித்தால் அவர்களுக்காக ஒன்று. ரேகுவா–பின்யாவ் இடையே தென்கரையில் போகும் என்222 சாலை 27 கிலோமீட்டர், ஓட்ட அருமையானது. இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கையில் வேண்டும், அதை ஊரிலேயே ஆர்டிஓவில் வாங்கிவிட்டுக் கிளம்புங்கள். ஏ24 நெடுஞ்சாலைக்கும் வடக்கே மராவ் சுரங்கச் சாலைக்கும் 2025 ஜனவரி 1 முதல் சுங்கம் இல்லை. போர்ட்டோ–அமராந்தே பகுதியில் இன்னும் உண்டு. ரத்தத்தில் ஆல்கஹால் வரம்பு லிட்டருக்கு 0.5 கிராம், உரிமம் எடுத்து மூன்று வருடம் ஆகாதவர்களுக்கு 0.2. ஆகவே கிந்தாவுக்குப் போகும் நாளில் ஓட்டுகிறவர் சுவைக்கவே கூடாது.

கார் இல்லாமல் பின்யாவைப் பார்க்கலாம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மேட்டு நிலக் கிராமங்களைப் பார்க்காமல் டோருவைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது. ஒரு அரை நாளுக்காவது டாக்சி பேசிக்கொள்ளுங்கள்.

நெய்தல்

சைவச் சாப்பாடு பற்றி. கஷ்டம்தான், பட்டினி இல்லை. மாட்டிக்கொள்ளும் இடங்களைச் சொல்லிவிடுகிறேன்.

சூப் பார்க்கப் பச்சையாக இருக்கும். கால்டோ வெர்டே என்கிற கீரை சூப்பில் ஒரு துண்டு பன்றித் தொத்திறைச்சி மிதக்கும். எடுத்துப்போடச் சொன்னாலும் அதன் கொழுப்பு இறங்கியிருக்கும். பீன்ஸ் சோற்றிலும் அதே கதை. அலெய்ரா என்பதில் ரொட்டி நிறைய இருக்கும், ஆனால் கோழி, பன்றி போன்ற இறைச்சியும் உண்டு. “இறைச்சி இல்லை” என்று மட்டும் சொன்னால் பகல்யாவ் மீன் வந்து நிற்கும். “நாவ் கோமு கார்னெ, நெய்ம் பெய்ஷெ” என்று மீனையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அப்பா முட்டை சாப்பிடுவார் என்பதால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஆம்லெட், கலவை சாலட், ஆலிவ் எண்ணெயும் பூண்டும் ஊற்றிய நசுக்கிய உருளைக்கிழங்கு, வெள்ளைச் சோறு எந்தச் சின்னக் கடையிலும் கேட்டால் செய்து தருவார்கள். ஒரு பொட்டலம் ஊறுகாயோ பருப்புப் பொடியோ எடுத்துப்போங்கள், அந்தச் சோற்றுக்கு உயிர் வரும்.

உட்கார்ந்ததும் கேட்காமலே ரொட்டி, ஆலிவ், பாலாடைக்கட்டி வைப்பார்கள். அது இலவசம் இல்லை, தொட்டால் பில்லில் வரும். தொடாவிட்டால் வராது. வேண்டாமென்றால் எடுத்துப்போகச் சொல்லலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். மதியச் சாப்பாடு பன்னிரண்டரை முதல் இரண்டு, இரண்டரை வரை. அதற்குப் பிறகு சமையலறை மூடிவிடும், இரவு ஏழு, ஏழரைக்குத்தான் திறப்பார்கள். நாலு மணிக்குப் பசித்தால் காப்பிக் கடைதான் கதி. வாரத்தில் ஒரு நாள் கடை மூடுவதும் வழக்கம், முன்கூட்டியே விசாரித்து வையுங்கள்.

கயல்விழி_கே

ரொம்ப நன்றி. மூன்று விஷயம் கேட்கணும். மேட்டு நிலக் கிராமம் என்றால் எதற்குப் போவது? காசல் தெ லொய்வோஸ் காட்சிமுனைக்கு நடக்கலாமா? ஊருக்கு இரண்டு பாட்டில் எடுத்துவர வேண்டும், எது வாங்குவது?

கொடித்தடம்

காசல் தெ லொய்வோஸ் ஊருக்கு நேர் மேலே. தூரம் குறைவு, ஏற்றம் பலம். செப்டம்பரிலும் பகலில் 30 டிகிரிக்கு மேல் போகும் நாட்கள் உண்டு, வழியில் நிழலும் இல்லை. பெரியவர்களை நடக்க வைக்காதீர்கள். டாக்சியில் ஏறி, உங்களுக்கு முழங்கால் நன்றாக இருந்தால் நீங்கள் மட்டும் நடந்து இறங்குங்கள்.

மேலே நின்றால் மலைச்சரிவில் மூன்று விதமான நடவு தெரியும். கல் அடுக்கிய சுவரோடு குறுகலான படிகள் பழையவை. சுவர் இல்லாமல் வெறும் மண்சரிவோடு அகலமாக இருப்பவை 1970-களிலிருந்து புல்டோசர் வைத்து வெட்டியவை. மேலிருந்து கீழாகக் கோடு போட்டதுபோல இறங்குபவை மூன்றாவது வகை. இவற்றுக்கு நடுவே கல்சுவர் மட்டும் நின்று, உள்ளே புதர் மண்டிய படிகளும் இருக்கும். 19-ஆம் நூற்றாண்டில் ஃபிலாக்சரா என்ற வேர்ப்பூச்சி கொடிகளைத் தின்று தீர்த்தபோது கைவிட்டவை. திரும்ப நடவே இல்லை. அங்கே அவற்றை மொர்டோரியோ என்பார்கள். அந்தச் சுவர்களைப் பார்க்கும்போது மனசு கனத்துவிடும், அத்தனையும் கையால் அடுக்கிய கல்.

கிராமத்துக்கு ஃபவாயோஸ் போங்கள். மலைப்பாதையில் டாக்சியில் அரை மணி நேரத்துக்குள். கீழே கறுப்புத் திராட்சை வெயிலில் காய்கிறது என்றால், அங்கே சுமார் 600 மீட்டர் உயரத்தில் குளிர்ச்சி அதிகம். அதனால்தான் மொஸ்கட்டல் வெள்ளைத் திராட்சை புளிப்பும் மணமும் குறையாமல் விளைகிறது. கூட்டுறவு ஒயின் ஆலை 1952-இல் தொடங்கியது, உள்ளே போய்ப் பார்க்கலாம். ரொட்டிக்கும் ஒயினுக்குமான சின்ன அருங்காட்சியகமும் இருக்கிறது. ஆனால் முதலில் அடுமனைக்குப் போங்கள். விறகடுப்பில் சுடும் நாலு மூலைக் கோதுமை ரொட்டி, ஒவ்வொரு மூலையும் தனியாகப் பிய்த்தெடுக்கிற மாதிரி இருக்கும். மேலே முறுகல், உள்ளே மெத்து. காலையிலேயே போனால்தான் சூடாகக் கிடைக்கும். உங்கள் அப்பாவுக்கு அந்தப் பயணத்திலேயே கவலையில்லாத சாப்பாடு அதுவாகத்தான் இருக்கும்.

டாக்சிக்காரரிடம் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து மொத்தத் தொகையாக முதலிலேயே பேசுங்கள், ரொக்கமாக வைத்திருங்கள். செயலி வைத்து வண்டி பிடிக்கலாம் என்று நம்பி மேலே போய் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

ரயிலடி

மாலையில் நேரம் இருந்தால் படகையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பின்யாவ் துறையிலிருந்து ரபேலோ வடிவப் படகில் ரொமனெய்ரா வரை போய்வர ஒரு மணி நேரம், துவா வரை என்றால் இரண்டு. பெரியவர்களுக்கு ஒரு மணி நேரமே போதும், கடைசிப் படகில் போனால் வெயில் தணிந்திருக்கும். போர்ட்டோவிலிருந்தே முழுநாள் படகில் வரும் திட்டத்தை நான் சொல்ல மாட்டேன். வழியில் கர்ரபட்டெலோ அணையின் நீர்க்கதவுக்குள் படகு 35 மீட்டர் ஏறுவது பார்க்க வேண்டிய காட்சிதான். ஆனால் நாள் முழுதும் படகிலேயே போய்விடும்.

நெய்தல்

பாட்டில் விஷயம். ஊரில் மெதுவாகக் குடிக்கிற வீடு என்றால் பத்து வருட டானி வகை போர்ட் வாங்குங்கள். பீப்பாயிலேயே காற்றுப் பட்டு முதிர்ந்தது, திறந்த பிறகும் குளிர்பெட்டியில் சில வாரம் தாங்கும். விண்டேஜ் என்று போட்டதைப் பெயருக்காக வாங்கிவிடாதீர்கள். அது பாட்டிலில் பல வருடம் படுத்துக் கிடக்க வேண்டிய சரக்கு. அடியில் மண்டி தங்கும், வடித்து ஊற்ற வேண்டும், திறந்தால் ஓரிரு நாளில் முடித்தாக வேண்டும். நம் ஊர் வெயிலில் அதைப் படுக்கப்போட்டு வைக்க இடமும் கிடையாது. இரண்டாவது பாட்டிலாக ஃபவாயோஸ் மொஸ்கட்டல் எடுங்கள், குளிரவைத்துக் குடிக்கலாம்.

கையிலெடுக்கும் பையில் விடமாட்டார்கள், செக்‌-இன் பெட்டிக்குள்தான். ஒவ்வொரு பாட்டிலையும் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பைக்குள் கட்டி, பெட்டியின் நடுவில் வையுங்கள். இந்தியச் சுங்கத்தில் வயது வந்த ஒருவருக்கு 2 லிட்டர் வரை வரியில்லை. 750 மில்லி பாட்டில் இரண்டு என்றால் ஒன்றரை லிட்டர்தான். விமான நிலையத்தில் மூன்றாவதாக ஒரு பாட்டில் வாங்கினால் 2.25 ஆகிவிடும், அதை அம்மாவின் கணக்கில் காட்டுங்கள்.