எபோனைட் பேனா: ஃபில்லரா, கன்வெர்ட்டரா?

கும்பகோணத்தான்:
பேனா செய்யும் திருவள்ளூர் ரங்காவில் கையால் கடைந்த எபோனைட் பேனா ஒன்று ஆர்டர் சொல்லப் போகிறேன். ஃபில்லரால் பேனா உடம்புக்குள்ளேயே மை ஊற்றுவதா, மையை உறிஞ்சி வைக்கும் குட்டிக் குழாயான கன்வெர்ட்டரா? நிப்பு ஃபைனா, மீடியமா? எழுதுவது முழுக்கத் தமிழ்.

மன்னார்குடி பெரிசு:
ஃபில்லர்தான் தம்பி. கன்வெர்ட்டர் ஒரு மில்லியோடு சரி. ஆனால் மை கால்வாசிக்கு இறங்கினால் கைச்சூட்டில் உள்காற்று விரிந்து கக்கும். என் வெள்ளைச் சட்டைகளே சாட்சி. அதற்குள் நிரப்பிவிடுங்கள். கழுத்து மரையில் சிலிகான் கிரீஸ் ஒரு பொட்டு, வாசலின் கூடாது. நிப்பு ஃபைன். மீடியத்தில் ணகரச் சுழியெல்லாம் அடைந்து கொழுக்கட்டையாகிவிடும்.

தஞ்சைக் கணக்கர்:
வெயிலில் வைக்காதீர்கள், வெந்நீரில் கழுவாதீர்கள். எபோனைட் என்பது கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர். கறுப்பு பழுப்பாகிவிடும்.

கும்பகோணத்தான்:
தினம் நீடாமங்கலம் பஸ் பயணம் சார். ஃபைன் சரி, ஆனால் கன்வெர்ட்டர்தான்.

மன்னார்குடி பெரிசு:
அப்போ பையில் மைக்கூடும் இருக்கட்டும்.