பழைய லேப்டாப்பை ரீசெட் பண்ணணும், வழி சொல்லுங்க

யாங்கோன்ல இருக்கிற நம்ம ஆளுங்க யாராவது உதவுங்க. எட்டு வருசப் பழைய லேப்டாப், விண்டோஸ் 10. கோயில்ல தமிழ் படிக்கிற தங்கச்சி மகளுக்குக் கொடுக்கலாம்னு இருக்கேன். கீபோர்டுல பர்மிய எழுத்து ஸ்டிக்கர் பாதி உரிஞ்சு கிடக்கு, எண்டர் பட்டன் வழுவழுன்னு தேஞ்சிருச்சு. மத்தபடி நல்லாத்தான் ஓடுது.

கடைக் கணக்கு, யார் யார் கடன் பாக்கி, பாஸ்வேர்டு எல்லாம் இதுலதான் இருக்கு. அதனால ரீசெட்ல எல்லாத்தையும் அழிக்கிற 'ரிமூவ் எவ்ரிதிங்' மட்டும் போதாது, அழிச்சதைத் திரும்ப எடுக்க முடியாதபடி துடைக்கிற 'க்ளீன் டேட்டா'வையும் ஆன் பண்ணுங்கன்னு மச்சான் சொல்றார். ஆனா உள்ளே இருக்கிறது பழைய ஹார்ட் டிஸ்க். அப்படி அழிச்சா மணிக்கணக்கா ஓடும். பேட்டரி செத்து ரெண்டு வருசமாச்சு. இங்க கரண்ட் லட்சணம் உங்களுக்குத் தெரியாததா? போன வாரம் ஆரம்பிச்சேன், 34 சதவீதத்துல பொட்டுன்னு போயிருச்சு. நல்லவேளை, திரும்பப் போட்டதும் பழையபடியே வந்திருச்சு.

பக்கத்து வீட்டு இன்வெர்ட்டர்ல ராத்திரி முழுக்க ஓட்டலாமா? இல்ல, முதல்ல சாதாரணமா ரீசெட் பண்ணிட்டு, அப்புறம் விண்டோஸ்லயே இருக்கிற 'சைபர்' (cipher) கமாண்ட் போட்டு, அழிச்ச ஃபைலோட மிச்சம் கிடக்கிற காலி இடத்தை மட்டும் துடைக்கட்டுமா? அது பாதியில நின்னா விண்டோஸுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?

பேசாம டிஸ்கைக் கழட்டி நானே வச்சுக்கிட்டு, சின்னதா ஒரு எஸ்எஸ்டி (சுத்துற தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) போட்டுக் கொடுத்திரலாமான்னும் தோணுது. செஞ்சு பார்த்தவங்க சொல்லுங்க.