பி.டி. பருத்தியின் ‘ரெஃப்யூஜ்’: தமிழில் என்ன சொல்ல?

த.:
வணக்கம். உழவர்களுக்கான துண்டறிக்கை ஒன்றை வெள்ளிக்கிழமைக்குள் தமிழாக்கித் தர வேண்டும். ‘ரெஃப்யூஜ்’ என்ற இடத்தில் நிற்கிறேன். 450 கிராம் பி.டி. விதையோடு (காய்ப்புழுவைக் கொல்லும் பாக்டீரிய நஞ்சைச் செடியே உண்டாக்கும்படி மரபணு மாற்றிய பருத்தி) 120 கிராம் சாதா விதையும் தந்து, வயலைச் சுற்றி 5 வரிசை அல்லது 20 விழுக்காடு பரப்பு, எது கூடுதலோ அதில் விதைக்கச் சொன்னார்களே, அந்தப் பயிர்தான். ‘புகலிடப் பயிர்’ சரியா?

ந.:
ஏமப் பயிர் என்க. ஏமம் காவல். ‘எழுமையும் ஏமாப் புடைத்து’ (குறள் 398). சேமமும் இதிலிருந்து சகரம் ஏறிப் பிறந்தது என்பது என் துணிபு.

ச. (டொராண்டோ):
சேமம் க்ஷேமத்தின் தற்பவம் (வடசொல் திரிந்து தமிழில் வந்தது), ஐயா. நிற்க. வயலில் போய் ஏமப் பயிர் என்றால் ஏமாற்றும் பயிர் என்றுதான் காதில் விழும். புகலிடமும் வேண்டாம். ஈழத்தவர் எங்களுக்கு அது அகதிக் கோரிக்கையின் சொல், இடத்தைத்தான் குறிக்கும். அடைக்கலம் அப்படியல்ல, காக்கும்படி ஒப்படைக்கப்பட்டவரையும் குறிக்கும். அடைக்கலக் காதையில் கவுந்தி மாதரியிடம் ஒப்படைப்பது கண்ணகியை.

மா.:
டொராண்டோ அம்மா சொல்வது வகுப்பிலும் உதவும். அரண், காப்பு, வேலி என எதைச் சொன்னாலும் பயிரைக் காப்பது என்றே மாணவர்கள் எழுதுகிறார்கள். இங்கே காக்கப்படுவது புழு! பி.டி. நஞ்சுக்குச் சாகக்கூடிய புழுக்கள் சாதா வரிசைகளில் பிழைத்து அந்துப்பூச்சியாக வேண்டும். நஞ்சைத் தின்றும் தப்பிய ஒன்றிரண்டு அவற்றோடு இணைந்தால், எதிர்ப்புத்திறன் ஒடுங்கு பண்பாக (தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படுவதாக) இருக்கும்வரை, பிறக்கும் புழுக்கள் பி.டி. செடியில் மறுபடி சாகும். நம் நாட்டில் அந்த 120 கிராமைப் பலர் விதைக்கவே இல்லை. 2015 வாக்கில் குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு, இரண்டு வகை பி.டி. நஞ்சுகள் சேர்ந்த பருத்தியிலும் பிழைத்தது. அரிசோனாவில் சாதாப் பருத்தியை ஒழுங்காக விதைத்தார்கள், 2006 முதல் மலட்டு அந்துப்பூச்சிகளையும் பறக்கவிட்டார்கள். அமெரிக்கப் பருத்தி வயல்களில் அந்தப் புழு ஒழிந்தது என்று 2018இல் அறிவிப்பே வந்தது. உழவருக்கு இது விளங்காமல் போனால் மறுபடி மருந்தடிப்புதான். மண்ணிலும் தண்ணீரிலும் சேர்வது அந்த மருந்துதான்.

ந.:
அடைக்கலம் என்பதில் ‘கலம்’ ஏனமா, அன்றி ‘அம்’ ஈறா? அதைத் தீர்க்காமல் ஆக்கச்சொல் படைக்கலாகாது.

ச.:
அடைக்கலங்குருவி என்று சொல்பவர் யாரும் ஈறு பிரித்துப் பார்ப்பதில்லை, ஐயா. வீட்டில் கூடு கட்டினால் கலைக்கமாட்டார்கள். அந்தப் புரிதல்தான் நமக்கு வேண்டும்.

த.:
நாளை வெள்ளி. பலரும் ஏற்ற ‘அடைக்கலப் பயிர்’ போகிறது. கூடவே ஒரு வரி: ‘புழு தின்னட்டும் என்று விடும் சாதாப் பருத்தி’.

மா.:
சாதாப் பருத்திக்குச் சரி. ஆனால் துவரையையும் இதற்கு விதைக்கலாம் என்று விதி இடம் தந்ததே. பச்சைக் காய்ப்புழு துவரையைத் தின்னும், இளஞ்சிவப்புக் காய்ப்புழு தின்னாது. இரண்டையும் அடைக்கலப் பயிர் என்றால் துவரை போட்டவர் கடமை முடிந்தது என்று நினைப்பார். ‘எந்தப் புழுவுக்கு’ என்பதையும் சேருங்கள்.

ந.:
என் ஓட்டு இன்னமும் ஏமத்துக்கே.