புதுப்பிப்பு: ஸ்டால் மேஜையை ஓரமாக நகர்த்தியாயிற்று

கண்காட்சிகளில் 3×3 மீட்டர் ஸ்டாலில் எங்கள் ஆம்பூர் தோல் சாம்பிள்களை வைத்தால், வருகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள் என்று முன்பு புலம்பியிருந்தேன். பலரும் வாசலை அடைக்கும் மேஜையை எடுக்கச் சொன்னீர்கள். சென்னை நந்தம்பாக்கம் கண்காட்சியில் செய்து பார்த்தேன்.

மேஜை பக்கச் சுவரோரம் போனது. சரி, வழி கிடைத்தது. ஆனால் பெரிய மாற்றம் தோலைத் தொங்கவிட்டதில்தான். முன்பு கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கியிருந்தோம். தோல் வாங்குகிறவர் கண்ணால் மட்டுமா வாங்குவார்? தோள் உயரத்துக்குச் சற்றுக் கீழே கம்பியில் மாட்டியதும், போகிற போக்கில் கை நீண்டது, தடவியது, மடித்துப் பார்த்தது. அங்கேயே பேச்சும் தொடங்கியது. ஆவாரம்பட்டையில் பதனிட்ட பழைய தோல் ஒன்றையும் மாட்டியிருந்தேன். விற்பனைக்கு அல்ல, ஆனால் அதன் முன்தான் கூட்டம்!

சொதப்பியது விளக்கு. மஞ்சள் வெளிச்சத்தில் இரண்டு பழுப்பு நிறங்கள் ஒன்றாகத் தெரிந்தன. ஒருவர் சாம்பிளை வெளியே எடுத்துப்போய்ப் பார்த்தார். மறுநாள் வெள்ளை எல்.இ.டி. மாட்டினோம்.

அப்புறம் வருகிறவர்களுக்காக ஸ்டாலில் போட்ட நான்கு நாற்காலிகள். நாங்கள்தான் உட்கார்ந்து போன் பார்த்தோம். அடுத்த முறை இரண்டு போதும்.