தம்பி சூதையும் குடியையும் விட முடியாமல் கிடக்கிறான், இது திமிரா நோயா?

பாம்பன்காரி:

எல்லாருக்கும் வணக்கம். யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இங்கே எழுதுகிறேன்.

என் தம்பிக்கு 31 வயது. விசைப்படகில் பங்குக்குப் போகிறான், வலை இழுப்பதிலும் பொத்துவதிலும் அவனைக் குறை சொல்ல ஆள் கிடையாது. இரண்டு வருஷம் முன்னால் தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை படகெல்லாம் கரையில் கிடக்கிற அந்த 61 நாளில், பொழுது போகாமல் போனில் ரம்மி ஆட ஆரம்பித்தான். முதல் வாரமே நாலாயிரம் ரூபாய் வந்துவிட்டது. அந்த நாலாயிரம் வராமல் போயிருந்தால் இந்த நிலைமைக்கு வந்திருக்க மாட்டோம் என்று இப்போது நினைத்து நினைத்து அழுகிறேன். அரசு கொடுத்த தடைக்கால நிவாரணம் 8,000 ஒரே ராத்திரியில் போனது, அப்புறம் படகு முதலாளி சம்மாட்டியிடம் வாங்கிய முன்பணம், அப்புறம் அவன் பொண்டாட்டியின் சங்கிலி. 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து சட்டம் வந்தபோது அந்த ஆப் நின்றது, தப்பித்தோம் என்று மெழுகுவர்த்தி ஏற்றினேன். இரண்டே நாளில் டெலிகிராமில் யாரோ அனுப்பிய லிங்க் வழியாக வேறு எதிலோ பந்தயம் கட்டத் தொடங்கிவிட்டான்.

குடியும் கூடிவிட்டது. முன்பெல்லாம் கடலிலிருந்து வந்தால் உடம்பு வலிக்கு என்று குடிப்பான். இப்போது காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறது, ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் நிற்கிறது. போன மாசம் தோற்ற ஆத்திரத்தில் டிவியை உடைத்தான், அரை மணி நேரம் கழித்து அதே இடத்தில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதான்.

ஓரியூர் அருளானந்தர் கோயிலுக்குக் கூட்டிப்போய் இனி ஆட மாட்டேன் என்று சத்தியம் வாங்கினோம். பதினோரு நாள் தாங்கியது. சம்மாட்டி இது திமிர், நாலு அறை விட்டால் சரியாகும் என்கிறார். எங்கள் மாமா ஏர்வாடி தர்காவில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்கிறார். பக்கத்து வீட்டு அக்கா, சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுத்தால் குடியை வெறுக்க வைக்கும் பொடி ஒன்று இருக்கிறது, வாங்கித் தருகிறேன் என்கிறது. தெரிந்த ஒருவர் இது உந்துதல் கட்டுப்பாட்டுக் கோளாறு என்று ஏதோ சொன்னார். அதுவும் அடிமைப்பழக்கமும் ஒன்றா வேறா? இதற்கு வைத்தியம் உண்டா? அவன் கெட்டவன் இல்லை. தயவு செய்து யாராவது சொல்லுங்கள்.

மண்டபத்தான்:

தங்கச்சி, மற்றதை எல்லாம் அப்புறம் பேசலாம், முதலில் இதைப் படியுங்கள். காலையில் கை நடுங்குகிறது, குடித்தால் நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அப்படிப்பட்ட ஆளை வீட்டில் அடைத்து வைத்து திடுதிப்பென்று குடியை நிறுத்த வைக்காதீர்கள். உடம்பு சாராயத்துக்குப் பழகிவிட்டது என்பதற்கு அந்த நடுக்கம்தான் அடையாளம். நிறுத்திய முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் சித்தம் கலங்கலாம், உயிரே போகலாம்.

நான் அனுபவித்தவன். ஒன்பது வருஷம் முன்னால் என் மகள் தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணி அன்றைக்கே நிறுத்தினேன். மூன்றாம் ராத்திரி சுவர் முழுக்கக் கடல்பாம்பு ஊர்வதாகத் தெரிந்தது, கூரையிலிருந்து வலை என் மேல் இறங்குகிறது என்று கத்தி ஓடினேன். வீட்டில் பேய் பிடித்தது என்று மந்திரிக்கக் கூட்டிப்போனார்கள், அங்கேயே வலிப்பு வந்து விழுந்தேன். அதற்கப்புறம்தான் ஆஸ்பத்திரி. அங்கே மாத்திரையைக் கூட்டிக் கொடுத்து நாளாக நாளாகக் குறைத்தார்கள், வைட்டமின் பி1 ஊசி போட்டார்கள். ஒரு வாரத்தில் நடுக்கம் போனது. முதல் நாளே அங்கே போயிருந்தால் அந்த ராத்திரியை என் மகள் பார்த்திருக்க வேண்டியதில்லை.

அந்தப் பொடி விஷயம் வேண்டவே வேண்டாம். அது டைசல்பிராம் மாத்திரையைப் பொடித்ததாக இருக்கலாம், இல்லையென்றால் அதில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. டைசல்பிராம் உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் இறங்கி நெஞ்சு அடைக்கும். ஆள் தெரிந்து, சம்மதித்து, டாக்டர் பார்வையில் சாப்பிட வேண்டிய மருந்து அது. தெரியாமல் கொடுத்தால் நீங்களே அவன் உயிரை எடுத்த மாதிரி ஆகிவிடும்.

அலைவாய்க்கரை:

நான் இந்த மாவட்டத்தில் மனநலப் பணியில் இருக்கிறேன், ஆலோசனை சொல்வது என் வேலை. நேரில் பார்க்காமல் உங்கள் தம்பிக்கு இன்னதுதான் என்று சொல்ல மாட்டேன், ஆனால் நீங்கள் கேட்ட வித்தியாசத்தைச் சொல்ல முடியும்.

உந்துதல் கட்டுப்பாட்டுக் கோளாறு என்பது, செய்தால் கேடு என்று தெரிந்தும் ஒரு காரியத்தைச் செய்தே ஆக வேண்டும் என்ற தவிப்பை அடக்க முடியாமல் போவது. செய்வதற்கு முன்னால் உள்ளே ஒரு முறுக்கம் ஏறும், செய்யும்போது விடுதலை, அப்புறம் பெரும்பாலும் குற்ற உணர்ச்சி. தேவையே இல்லாத பொருளைத் திருடுவது, தீ வைத்துப் பார்க்கும் வெறி, சின்னக் காரணத்துக்கு அளவு மீறி வெடிக்கும் ஆத்திரம், இவையெல்லாம் இதில் வரும். சேப்டிபின் அட்டையைத் திருடிவிட்டு அழுத வசதியான வீட்டுப் பெண்ணை நான் பார்த்திருக்கிறேன், அவருக்கு அந்தச் சேப்டிபின்களால் ஒரு உபயோகமும் இல்லை.

சூதாட்டத்தையும் முன்பு இந்தக் கூட்டத்தில்தான் வைத்திருந்தார்கள். 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு அதை எடுத்துக் குடி, கஞ்சா இருக்கிற அடிமைப்பழக்க வரிசையில் சேர்த்தது. 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலும் சூதாட்டக் கோளாறு, கேமிங் கோளாறு இரண்டையும் அடிமைப்பழக்கம் என்றே சொல்கிறது. ஏன் மாற்றினார்கள் என்றால், குடிகாரனுக்கு அளவு கூடிக்கொண்டே போகிற மாதிரி சூதாடிக்குப் பந்தயத் தொகை கூடுகிறது, நிறுத்தினால் எரிச்சலும் தூக்கமின்மையும் வருகிறது, மூளையில் ஆசையைத் தூண்டும் அதே பாதைகள் வேலை செய்கின்றன. குடியும் சூதும் ஒரே ஆளிடம் சேர்ந்து வருவதும் ரொம்ப சகஜம். அதனால் உங்கள் தம்பியிடம் இரண்டு தனித்தனிக் கெட்ட பழக்கம் இருப்பதாகப் பார்க்காதீர்கள். ஒன்றை மட்டும் அடக்கினால் மற்றது வீங்கும், இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். டிவி உடைத்தது தனிக் கோளாறா, குடியும் தோல்வியும் சேர்ந்த வேகமா என்பதை டாக்டர் குடி தெளிந்த பிறகுதான் சொல்ல முடியும்.

வைத்தியம் உண்டு. நடத்தை சார்ந்த ஆலோசனை முக்கியம், அதாவது தவிப்பு எந்த நேரத்தில், எதைப் பார்த்து வருகிறது என்று கண்டுபிடித்து, அந்தத் தவிப்புக்கும் கை போனைத் தொடுவதற்கும் நடுவில் கொஞ்சம் நேரத்தை உண்டாக்குவது. தவிப்பு அலை மாதிரி, ஏறும், கொஞ்ச நேரத்தில் தானே இறங்கும், ஊட்டாமல் விட்டால். நால்ட்ரெக்சோன் என்று ஒரு மருந்து குடிக்குக் கொடுப்பார்கள், சூதாட்டத் தவிப்பிலும் சிலருக்கு உதவுகிறது. ஈரலின் நிலையைப் பார்த்துத்தான் தருவார்கள்.

ஏர்வாடி பற்றி. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். நம் மாவட்டத்துக்காரர்கள் அதை மறக்கக் கூடாது. 2017 மனநலச் சட்டம் சங்கிலியில் கட்டுவதையே தடை செய்திருக்கிறது. இப்போது தர்காவில் துவாவோடு மருந்தும் கிடைக்க 'தவா துவா' என்று திட்டமே இருக்கிறது, வேண்டிக்கொள்ளப் போவதை நான் தடுக்க மாட்டேன். ஆனால் விட்டுவிட்டு வருவது என்ற பேச்சு வேண்டாம். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஒரு நாள் காலையிலேயே போய், ஓ.பி. சீட்டுப் போட்டு மனநலப் பிரிவைக் கேளுங்கள். அதற்கு முன்னால் பேச வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் 14416, எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது.

இன்னொன்று. செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா என்று அவனிடம் நேராகவே கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்று பயப்பட வேண்டாம், கேட்காமல் விடுவதுதான் ஆபத்து. கடனில் மூழ்கிய சூதாடிகளுக்கு அந்த எண்ணம் வருவது அதிகம்.

கீழக்கரை மகள்:

திமிரா நோயா என்று கேட்டதால் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். என் வாப்பா ஐந்து வேளை தொழுகிறவர், வாழ்நாளில் சீட்டுக்கட்டைத் தொட்டதில்லை. நடுக்குவாதத்துக்கு பிராமிபெக்ஸோல் மாத்திரை ஆரம்பித்த ஏழெட்டு மாசத்தில், தெரிந்தவர் மூலமாகக் கேரள லாட்டரி கட்டுக்கட்டாக வாங்க ஆரம்பித்தார். வீட்டில் இருக்கிற ஆட்டுக்குட்டிகள் போதாதென்று இன்னும் பதினாறு வாங்கினார். உம்மா வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை, ஷைத்தான் புகுந்துவிட்டான் என்று ஓதிக்கொண்டே இருந்தது. மதுரை டாக்டரிடம் தற்செயலாகச் சொன்னபோதுதான், இது அந்த வகை மாத்திரையால் சிலருக்கு வருகிற தெரிந்த பக்கவிளைவு, முதல் நாளே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும் என்றார். அளவைக் குறைத்து வேறு மருந்துக்கு மாற்றினார். சில வாரத்தில் வாப்பா பழைய வாப்பாவாக ஆனார். (நாமாக அந்த மாத்திரையை நிறுத்தக் கூடாது, அதுவும் ஆபத்து.)

உங்கள் தம்பிக்கு இது பொருந்தாது, தெரியும். ஆனால் ஒரு மாத்திரை ஒரு நல்ல மனுஷனை லாட்டரி வாங்க வைக்க முடியும் என்று கண்ணால் பார்த்த பிறகு, சூதாடுகிற யாரையும் பார்த்து ஒழுக்கம் இல்லாதவன் என்று சொல்ல என் வாய் வருவதில்லை.

தொண்டிக் கடல்:

எல்லாவற்றையும் நோய் என்று சொல்லிவிட்டால் பொறுப்பு யாருக்கு? என் மச்சானும் இப்படித்தான், நோய் நோய் என்று சொல்லி நாங்கள் மூன்று முறை கடன் அடைத்தோம். நாலாவது முறையும் ஆடினான். கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம், என் அக்கா வாழ்க்கை போய்விட்டது.

மண்டபத்தான்:

தொண்டிக்காரரே, உங்கள் வேதனை நியாயம். ஆனால் நீங்கள் கடன் அடைத்த மூன்று முறையும் அவரை எந்த வைத்தியத்துக்காவது கூட்டிப்போனீர்களா? கடனை மட்டும் அடைத்தால் சூதாடியின் மூளைக்கு அது இன்னொரு ஜெயித்த ஆட்டம்தான். நோய் என்றால் பொறுப்பு இல்லை என்று அர்த்தம் கிடையாது, சர்க்கரை வந்தவன் ஊசி போட்டுக்கொள்கிற பொறுப்பு மாதிரிதான் இதுவும்.

கடல் தொழில் பார்க்கிற நமக்கு இதில் ஒரு கூடுதல் கண்டம் இருக்கிறது. நாலு பாடு வெறும் வலை வந்தாலும் ஐந்தாவது பாட்டில் இறால் வரும் என்று நம்பி இறக்குகிறோமே, அந்த நம்பிக்கை இல்லாதவன் தொழிலே பார்க்க முடியாது. எப்போது வரும் என்று தெரியாத பலனுக்குத்தான் மூளை ரொம்ப ஏங்கும் என்று எனக்கு ஆலோசனை சொன்னவர் விளக்கினார். கடலில் அந்த ஏக்கத்துக்குப் பின்னால் நீரோட்டம், காற்று, நிலா என்று நாம் கற்றது இருக்கிறது, பாடு சரியில்லை என்றால் இடம் மாற்றுகிறோம். போன் ஆட்டத்தில் கற்க ஒன்றுமில்லை, ஒரே ஒரு சீட்டில் போச்சு என்று காட்டிக் காட்டி இன்னொரு முறை இறக்க வைக்கும். விட்டதைப் பிடிக்கப் போகிறேன் என்கிற வார்த்தை உங்கள் தம்பி வாயில் வருகிறதா என்று பாருங்கள் தங்கச்சி. எனக்கு அந்த வார்த்தைதான் எட்டு வருஷம் தின்றது, குடியோடு சேர்த்து மூணு சீட்டும் ஆடினவன் நான்.

பணத்துக்கு நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். ஒரு நாள் உட்கார்ந்து எல்லாக் கடனையும், தெரிந்தது தெரியாதது எல்லாம், அவனே தன் கையால் நோட்டில் எழுத வேண்டும். பங்குப் பணம் அவன் கைக்கு வராமல் பொண்டாட்டி கணக்குக்குப் போகும்படி சம்மாட்டியிடம் பேசுங்கள். போனில் பணம் அனுப்புகிற வசதியை எடுத்துவிட்டுச் சாதாரண பட்டன் போன் கொடுங்கள், அவன் சம்மதத்தோடு. கடன் ஆப்காரர்கள் படத்தை அனுப்பி மிரட்டினால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் புகார் சொல்லுங்கள், பயந்து புதுக் கடன் வாங்காதீர்கள்.

பாம்பன்காரி:

எல்லாரும் எழுதியதை நானும் தம்பி பொண்டாட்டியும் சேர்ந்து படித்தோம். கீழக்கரை அக்கா எழுதியதை நேற்று ராத்திரி தம்பிக்கும் வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, அந்த வாப்பா இப்போது நன்றாக இருக்கிறாரா என்று கேட்டான்.

அப்புறம் நேராகவே கேட்டேன், சாகணும் போல இருக்கிறதா என்று. பாலத்தில் இரண்டு முறை நின்றிருக்கிறானாம். உடனே 14416-க்குப் போட்டோம், அவனே அரை மணி நேரம் பேசினான். அவர்களும் குடியைத் தானாக நிறுத்த வேண்டாம், ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்றார்கள். ராத்திரி முழுக்க அவனைத் தனியாக விடவில்லை. காலை முதல் பஸ்ஸில் ராமநாதபுரம் போனோம், சேர்த்துக்கொண்டார்கள். நடுக்கத்துக்கு மாத்திரை ஆரம்பித்தாயிற்று, ஈரலுக்கு ரத்தம் எடுத்திருக்கிறார்கள்.

கடனை நோட்டில் எழுதச் சொன்னேன். நாங்கள் நினைத்தது இரண்டு லட்சம். அவன் எழுதியது நாலே கால் லட்சம். கோபம் வந்தது, ஆனால் எழுதிவிட்டான்.

மண்டபத்து அண்ணே, சம்மாட்டியிடம் ஞாயிற்றுக்கிழமை பேசப் போகிறேன். அவர் என்னை மதிக்க மாட்டார், அறைந்தால் சரியாகும் என்று சொன்னவர். நீங்களும் கூட வர முடியுமா?

மண்டபத்தான்:

வருகிறேன் தங்கச்சி. ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நிற்கிறேன், அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.