செப்டம்பர் வார இறுதியும் தோட்டத்து டாலியாவும்

கேள்வி: கனடாவின் ஒன்ராறியோவில் காலைக் குளிர் தொடங்கிவிட்டது. எங்கள் தோட்டத்தில் டாலியா இன்னும் தட்டளவு விரிந்து நிற்கிறது. அதை எவ்வாறு பேணுவது, இந்த வார இறுதியில் எங்கே செல்லலாம்?

பதில் 1: வாடிய பூக்களை உடனுக்குடன் கிள்ளிவிட்டால் முதல் உறைபனி வரை பூக்கும். மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட செடி என்பதால் பனியைத் தாங்காது; இலை கருகியதும் கிழங்குகளைத் தோண்டி நிலவறையில் வையுங்கள்.

பதில் 2: பாயிண்ட் பீலி தேசியப் பூங்காவுக்குச் செல்லுங்கள். மெக்சிகோ நோக்கிப் புறப்படும் மொனார்க் வண்ணத்துப்பூச்சிகள், ஈரி ஏரியைக் கடக்குமுன் அங்கே மரங்களில் தங்கும். இறக்கை மூடிய கூட்டத்தைக் காய்ந்த இலைகள் என்றே நான் எண்ணினேன். வெயில் பட்டதும் கிளை முழுவதும் செம்மஞ்சளாக விரிந்தது.

பதில் 3: வேலியோரத்தில் மஞ்சளாகப் பூக்கும் கோல்டன்ராட் செடியைத் தும்மல் வரும் என்று வெட்டிவிடாதீர்கள். தும்மலுக்குக் காரணம் அது அல்ல, அதே பருவத்தில் பூக்கும் ராக்வீட் என்ற களைச்செடி. கோல்டன்ராடின் தேன் அந்த வண்ணத்துப்பூச்சிகளுக்கு வழியுணவு.